முடியும் முடிவும்

ஓட்டலில் இட்லித் தட்டு மேசைக்கு வந்த பிறகுதான், “இது வேணாம், பூரி குடு” என்பார் ஆதிகேசவன். பரிமாறும் நாகராஜனுக்குப் பழகிப்போயிற்று. முணுமுணுத்தபடி தட்டைத் தூக்கிக்கொண்டு போவார். பூரி தின்றால் ஆதிகேசவனுக்கு நெஞ்செரிச்சல் வரும். வந்தால் என்ன? வாய் இட்லி கேட்டது, மனுஷன் பூரி தின்றார். கடவுளும் ஆத்மாவும் இல்லாமலே ஒருவன் தன் இஷ்டப்படி நடக்கலாம் என்பது அன்றைக்கும் நிரூபணமாகிவிட்டது!

ஐம்பத்திரண்டு வயது. திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மலை ஏறினாலும் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. பக்தர்களை வாசலில் இறக்கிவிட்டு, “பொறுமையா பாத்துட்டு வாங்க, உள்ள இருக்கறவரு எங்கியும் எழுந்து போவ மாட்டாரு” என்பார். அவர்கள் அதையும் பக்தி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இந்த வயதிலும் கருகருவென்று சுருள் முடி. யாராவது உற்றுப் பார்த்தால், “டை இல்லீங்க, ஒரிஜினல்” என்று கேட்காமலே சொல்லுவார்.

வம்பு அந்த முடியில்தான் தொடங்கியது. போன வருஷம் டெங்கு வந்து நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்துப் பார்த்தால், மனைவி கன்னியம்மாள் அவருடைய தலைமுடியை முருகனுக்கு நேர்ந்துவிட்டிருக்கிறாள். தன்னுடையதை அல்ல, அவருடையதை! “உன் முடிய நேந்துக்கறது தானே?” என்று படுத்தபடியே எகிறினார். மாமன் மகள், வாய் சும்மா இருக்குமா? “பொழச்ச உசுரு யாருது பாவா? உன்னுது தானே. அப்ப உன் முடி தான் குடுக்கணும்.”

“முடி என்னுது, முடிவும் என்னுது” என்றார். பதினாலு மாதம் அதிலிருந்து இம்மியும் நகரவில்லை.

கன்னியம்மாளும் லேசுப்பட்டவள் அல்ல. வேண்டுதல் தீராமல் மலை ஏறுவதில்லை என்று நின்றுவிட்டாள். கிருத்திகை தவறாமல் படியேறிய மனுஷி, கீழேயே நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவாள். “சொன்ன சொல்ல காப்பாத்தாம எந்த மூஞ்ச வச்சிகினு மேல போறது?” சவாரியோடு அவளைக் கடக்கும்போதெல்லாம் ஆதிகேசவனுக்குப் பாவமாக இருக்கும். தேவையில்லாமல் ஹாரனை அடித்துக்கொண்டு போய்விடுவார்.

போதாக்குறைக்கு மெக்கானிக் நசருல்லா. ஒருநாள் ஆட்டோவுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தபடியே கேட்டார்: “மேல சாமி இல்ல, உள்ள ஆத்மா இல்ல, எல்லாம் மூளைல ஓடற கரண்ட்டுன்ற. அப்ப நீயும் இந்த வண்டியும் ஒண்ணு தானே கேசவா? இது எங்கனா தானா முடிவெடுக்குதா?”

சுருக்கென்று தைத்துவிட்டது. தான் வண்டி அல்ல என்று காட்டத்தான் அன்றிலிருந்து இந்தப் பூரி. ஸ்டேஷனுக்கு அவசரமாகப் போன மணவூர்க் குடும்பத்தை, வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டியை இடப்பக்கம் திருப்பி, ரயிலைக் கோட்டைவிட வைத்தார். அவர்கள் விட்ட வசவு ஊருக்கே கேட்டது. “இன்னிக்கு சட்டைய திருப்பி போட்டுகினு வருவாரு பாரு” என்று பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளிடம் கன்னியம்மாள் சொல்லி வாய் மூடுவதற்குள், உள்தையல் வெளியே தெரிய அவர் தெருவில் இறங்குவார்.

இதைக் கேள்விப்பட்டு நசருல்லா விழுந்து விழுந்து சிரித்தார். “அண்ணி வேணும்னா நீ வேணான்ற, அவங்க வேணான்னா நீ வேணுன்ற. ஸ்விட்ச்சு அவங்க கையில கீது நைனா, நீ வெறும் லைட்டு!”

போன வாரம் கன்னியம்மாள் சட்டென்று சொல்லிவிட்டாள்: “இனிமே உன்ன கேக்க மாட்டேன் பாவா. நானும் மேல போவாமலே இருந்துடறேன். உன் இஷ்டம்.” அடடா, இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை மல்லுக்கட்டு! ஆனால் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இனி மறுத்தால் பெண்டாட்டி தொல்லை என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொண்டால் அவள் நச்சரித்தாள் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. இரண்டு நாள், தட்டில் என்ன வந்ததோ அதைத் தின்றுவிட்டு எழுந்தார்.

புதன்கிழமை வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். செவ்வாய் என்றால் பக்தி என்று ஊர் சொல்லிவிடும். அதற்காகவே புதன், அதிலும் பட்டப்பகல் ராகு காலம்.

“வண்டில ஏறு.”

“எங்க?”

“மேல.”

கன்னியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “முருகன் கூப்ட்டாரா பாவா?”

“ஒருத்தரும் கூப்டல. நானா போறேன்.”

மொட்டை போடும் மண்டபத்தில் குமரேசன் பிளேடை மாற்றிக்கொண்டே கேட்டார்: “முழு மொட்டையா, பூமுடியா?” பூமுடி என்றால் மூன்று இணுக்கு மட்டும் நறுக்கிவிட்டு எழுந்துவிடலாம். “அது போதும் பாவா, வேண்டுதல் தீந்துடும்” என்று கன்னியம்மாளே வழிவிட்டாள்.

“முழுசா எடு” என்றார் ஆதிகேசவன்.

குமரேசன் தலையை நனைத்துவிட்டு, வருகிற எல்லாருக்கும் செய்வதுபோல, உச்சியில் உள்ளங்கையை வைத்துக் கீழே அழுத்தினார். ஆதிகேசவன் அந்தக் கையைப் பிடித்து மெல்ல விலக்கினார். பிறகு, தானே குனிந்தார்.