காப்புக் கட்டிய கையோடு ஒரு கச்சேரிப் பயணம்

இந்தப் பங்குனியில் மூன்று நாள் கோவைப் பக்கம் அலைந்தேன். கோயில் பார்க்க அல்ல. பறை வாசிக்கும் கலாமணி அக்காவைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன். அவருடைய கச்சேரிப் பயணத்தில் கேமராவோடு பின்னாலேயே போனேன். பொள்ளாச்சி, உடுமலை, கடைசியாகக் கோவை. எனக்குக் காந்திபுரத்தில் லாட்ஜ், நாளுக்கு எண்ணூறு ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். அக்கா எங்கேயும் தங்கவில்லை. அவிநாசியிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தன் ஊருக்குத் தினமும் திரும்பினார்.

காரணம், அவர் கையில் இருந்த மஞ்சள் காப்பு. ஊரில் மாரியம்மன் நோம்பி. திருவிழாவுக்குக் கோயில் வாசலில் கம்பம் நட்டிருந்தார்கள். காப்புக் கட்டியவர்கள் தினமும் இரவு எட்டு மணிக்குக் கம்பத்தைச் சுற்றி ஆட வேண்டும். வேறு ஊரில் தங்கக் கூடாது.

"எங்க தெருவுல யாருக்கும் காப்புக் கட்ட உட்டதில்லீங்க. நாங்க தள்ளி நின்னு பறை அடிக்கோணும், அவங்க ஆடுவாங்க. இந்த வருசம் சண்டை போட்டுக் கட்டிப்போட்டனுங்க. ஒரு நாள் தவறுனாலும் போச்சு, அடுத்த வருசம் கட்ட உடமாட்டாங்க" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் கச்சேரி கோவையின் கணபதிப் பகுதியில், மாலை ஐந்து மணிக்கு. அதுதான் என் படத்தின் முடிவு. ஆனால் வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, மறுபடி பொன்னாடை. நம் மேடைகளில் மைக்கைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு. ஆறேகாலுக்கு அக்கா மேடையேறினார்.

"ஏனுங்க, எட்டு மணிக்கு நான் ஊர்ல இருக்கோணும். இப்ப அடிக்கட்டுங்களா, கெளம்பட்டுங்களா?"

"இன்னும் ரெண்டே பேருங்கம்மா" என்றார் பேசிக்கொண்டிருந்தவர்.

அக்கா பறையை உறையில் போட்டுவிட்டார். வாடகைக் காரில் ஏறியபோது எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "படத்துக்கு முடிவே இல்லாமப் போச்சேக்கா!"

"மேடை எங்கீங்க கண்ணு போயிருது?" என்றார்.

"அவிநாசி ரோட்டுல இந்நேரம் ஊர்ந்துதானுங்க போகோணும்" என்றார் ஓட்டுநர்.

"ஊர்ந்தே போங்கண்ணா. நிக்காமப் போங்க."

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். கம்பத்தடியில் அக்காவின் தம்பி பறையடிக்க, ஆட்டத்துக்கு ஆட்கள் வட்டமாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். வண்டியிலிருந்து பறையை எடுத்து நீட்டினேன்.

"வண்டியிலயே இருக்கட்டுங்க. நான் ஆடப் போறேன்."

வட்டத்தில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அக்கா அதில் நின்று ஆடினார். பறை இல்லாத அவர் கைகளை அன்றுதான் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: காந்திபுரத்திலிருந்து அவிநாசி நாற்பது கிலோமீட்டர், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கம்பத்துக்கு அருகே செருப்பு வேண்டாம். படம் எடுக்கும் முன் ஊராரிடம் கேளுங்கள். நானும் கேட்டேன். யாரும் வாய் திறக்கும் முன்பே, வட்டத்துக்குள் இருந்து அக்கா குரல் கொடுத்தார்:

"எடுங்க கண்ணு, நல்லா எடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."