கிடாவிடம்கூடக் கேட்டார்கள்

என்னை யாருக்குக் கொடுப்பது என்று நான் பிறந்த மூன்றாவது மாதத்திலேயே முடிவாகிவிட்டது. அந்தச் சேதி எனக்குத் தெரியவந்தது பத்து வயதில், அதுவும் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசினால்.

எங்கள் ஊர், மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் வரும். ஊரில் பாதிப் பேர் எங்களைப் போல வேதக்காரர்கள், பாதிப் பேர் ஐயனாரைக் கும்பிடுகிறவர்கள். மே மாதம் மாதா கோயில் தேர் வரும். அந்த வருஷத் தேருக்கு அப்பாவின் அக்கா பாபநாசத்திலிருந்து வந்திருந்தாள். அத்தையின் மகளுக்கும் என் வயதுதான். காலில் புதுக் கொலுசு போட்டிருந்தாள். அவள் நடந்தால் அந்தச் சத்தம் பாட்டுப் பூசையையும் தாண்டிக் கேட்டது. எனக்காவது அப்படித்தான் கேட்டது.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"கன்னியாஸ்திரியாவப் போற பொண்ணுக்குக் கொலுசு எதுக்குடி?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதனால்தான் அது கேலி இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

கொல்லைப்புறத்தில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்தேன். அத்தை சொன்னது நிஜமா என்று கேட்டேன். அம்மா கெளுத்தியின் முள்ளை ஒடித்துப் போட்டபடியே சொன்னாள்.

"மூணு மாசக் கொழந்தையா இருக்கறப்ப ஒனக்கு மூச்சு இழுத்துச்சு. தஞ்சாவூரு ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். நாலு நாளா நீ பால் குடிக்கல. எனக்கு வேற வழி தெரியல. மாதாகிட்ட மண்டி போட்டு, இத பொழைக்க வச்சீங்கன்னா ஒங்க மகனுக்கே குடுத்துடறேன் தாயேன்னு நேந்துக்கிட்டேன். மறுநாள் காலையில பால் குடிச்ச."

"என்ன ஏம்மா கேக்கல?"

"மூணு மாசப் புள்ளயக் கேட்டா நீ என்னத்தடி சொல்லியிருப்ப?"

"அதுக்கப்பறமாச்சும் கேட்டிருக்கலாமுல்ல?"

அம்மா மீனைச் சாம்பலில் புரட்டி உரசினாள். "ஆண்டவரு ஒனக்குன்னு ஒரு திட்டம் வச்சிருக்காரு பாப்பா. நம்ம கையில ஒண்ணுமில்ல" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. திட்டம் எனக்கானது. அது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், பாபநாசத்தில் இருக்கிற அத்தைக்குத் தெரியும், அத்தை மகளுக்கும் தெரிந்திருக்கலாம். எனக்கு மட்டும் தெரியாது.

அன்றிலிருந்து என் பத்து வருஷ வாழ்க்கையை நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். குழம்பில் நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான் விழும். அண்ணன் வாய்க்காலில் செருப்பைத் தொலைத்தால் முதுகில் விழும், நான் தொலைத்தால் புதுச் செருப்பு வரும். களையெடுப்புக் காலத்தில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் வயலில் இறங்கும்போது அம்மா என்னை இறக்கியதே இல்லை. இதையெல்லாம் நான் என்மேல் உள்ள பிரியம் என்று நினைத்து மிதப்பாக இருந்தேன்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று இருந்தது. கறுப்புக் கிடா. அது யார் நாற்றங்காலில் மேய்ந்தாலும் யாரும் அதன்மேல் கை வைக்க மாட்டார்கள். டீக்கடையில் வடைத் தட்டில் வாய் வைத்தாலும் கடைக்காரர் "போ சாமி" என்று சொல்லித் தள்ளிவிடுவார். ஊரிலேயே மிகவும் மரியாதையாக நடத்தப்பட்ட ஜீவன் அதுதான். அதற்கு அடுத்தபடி நான். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவன் அண்ணன். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று கும்பிட்டுவிட்டு, ஆடு மாதிரி கத்தவும் செய்வான்.

வைகாசியில் ஐயனார் கோயில் பூசை வந்தது. நாங்கள் வேதக்காரப் பிள்ளைகள், கிட்டே போகக் கூடாது. தூரத்தில் பனைமரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். கிடாவுக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். அதன் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சம்மதம் என்றும், உதறாதவரை கத்தியை எடுக்க மாட்டார்கள் என்றும் கிடா வளர்த்த வீட்டுப் பையன் முன்பே தன்னிடம் சொல்லியிருந்ததாக அண்ணன் சொன்னான்.

"தண்ணி ஊத்துனா எந்த ஆடுதான் ஒதறாது?" என்றும் அவனே சொன்னான்.

இருக்கட்டும். ஒப்புக்காவது கேட்டார்களே. கிடாவிடம்கூடக் கேட்டார்கள். அது உதறுவதைப் பார்க்காமல் நான் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் மன்னார்குடியில் விடுதியோடு பள்ளிக்கூடம் நடத்திய கன்னியர்களில் வயதான ஒரு சிஸ்டர் எங்கள் ஊருக்கு வந்தார். ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக வீடு வீடாக வருவார்கள். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி. அம்மா கைகட்டி நின்று நேர்த்திக்கடன் விஷயத்தைச் சொன்னாள். சிஸ்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஒனக்கு வர விருப்பமா?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஆண்டவர் கூப்பிடணும்மா. கூப்பிட்டா ஒனக்கே கேக்கும். கவனிச்சுக் கேளு" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

இந்த விஷயத்தில் என் காதையும் ஒரு காதாக மதித்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். அதனால் அவர் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். கேட்க ஆரம்பித்தேன். மத்தியானத்தில் ஆள் இல்லாத கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். புறா சத்தம் கேட்டது. பம்புசெட் கொட்டகைச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். மின்சாரம் வந்து மோட்டார் ஓடத் தொடங்கியது. கருவேல மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். உரக்கடை விளம்பர ஆட்டோ ஒலிபெருக்கியோடு போயிற்று.

கன்னியாஸ்திரி ஆகவே மாட்டேன் என்று நான் அடம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வா என்றால் போயிருப்பேன். ஆனால் அதை அவர் என்னிடம் நேரில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்லி அனுப்பக் கூடாது. அவ்வளவுதான் என் கட்சி.

ஒருநாள் கோயிலில் அப்படி உட்கார்ந்திருந்தபோது பீடத்துக்குப் பின்னாலிருந்து, "பாப்பா" என்று ஒரு குரல் கேட்டது. கனமான ஆண் குரல். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுந்து நின்று, "சொல்லுங்க ஆண்டவரே" என்றேன். உபதேசியார் சாவிக்கொத்தோடு வெளியே வந்தார். "கோயிலப் பூட்டணும், எந்திரிச்சு வீட்டுக்குப் போ" என்றார். அந்த அவமானத்துக்கும் சேர்த்து ஆண்டவர்மேல் எனக்கு மனவருத்தம் உண்டாயிற்று.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வந்தது. அம்மா தகரப் பெட்டியில் என் பாவாடைகளை மடித்து வைத்தாள். அப்பா பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தார். "படிப்பு அங்க நல்லாருக்கும்" என்று அவர் மூன்று தடவை சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. பஸ் வந்தபோது என் தலையைத் தடவிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மன்னார்குடி மடத்தின் முன்னறையில் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்தார்கள். அந்தக் கண்ணாடி போட்ட சிஸ்டர் வந்தார். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னிடம் குனிந்து கேட்டார்.

"கேட்டுப் பாத்தியாம்மா? கூப்பிட்டாரா?"

அவ்வளவுதான். ஒரு மாதமாக உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"இல்ல சிஸ்டர். ஒரு வார்த்த பேசல. கோயில்ல கேட்டேன், கொட்டாயில கேட்டேன், எங்கயும் பேசல. எங்கம்மாகிட்டயும் அவரு பேசல. எங்கம்மாதான் அவருகிட்டப் பேசுனாங்க! அவரு என்னக் கேக்கவே இல்ல. இவங்களா குடுத்தாங்க. ஐயனார் கோயில் கிடாகிட்டகூடத் தண்ணி ஊத்திக் கேட்டாங்க சிஸ்டர், என்ன யாருமே கேக்கல!"

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். சிஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்து உடனே போய்விட்டது.

"புள்ள சொல்றது சரிதானம்மா? ஆண்டவர் கேட்டாரா, நீங்களா குடுத்தீங்களா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "குடுக்கறேன்னு சொல்லிட்டேனே சிஸ்டர். இப்பக் குடுக்கலன்னா எடுத்துக்குவாரேன்னு..."

சிஸ்டருக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தது.

"குடுத்த புள்ளயத் திரும்பப் புடுங்கிக்கிறவரையா இத்தன வருசமாக் கும்பிட்டீங்க? நான் மடத்துக்கு வர்றேன்னப்ப எங்கப்பா என்ன ரூம்புல போட்டுப் பூட்டுனாரு. எனக்குக் கேட்டுச்சு, பூட்ட ஒடச்சுக்கிட்டு வந்தேன். இவளுக்குக் கேக்கல. கேக்காத புள்ளய நான் எப்படி உள்ள விடுவேன்? ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும்னா படிக்கட்டும். ஆனா நேத்திக்கடன்னு சொல்லி விட்டுட்டுப் போவாதீங்க."

அம்மா ரொம்ப நேரம் மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். என் மணிக்கட்டு வலித்தது. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அந்தப் பிடியை அவள் விடவில்லை. ஜெயித்தது நான். அதற்குக் கொஞ்சமும் பாராட்டு இல்லையே என்று அதற்கும் கோபித்துக்கொண்டேன்.

நான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். விடுதலை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு.

அதுவரை நான் மழையில் நனைந்தால் அம்மா தலையைத் துவட்டிவிட்டுப் போய்விடுவாள். இப்போது ஒரு தும்மல் போட்டால் நர்சம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஐஸ் கூடாது. கிணற்றடிக்குப் போகக் கூடாது. சைக்கிளில் பின்னால் உட்காரக் கூடாது. தூங்குகிறவளைத் தொட்டுப் பார்த்தாள், விழித்திருப்பவளையும் தொட்டுப் பார்த்தாள். நடுத்துண்டு மீனில்கூட முள் பார்த்துக் கொடுத்தாள். மடத்தில் சேர்ந்திருந்தால்கூட இத்தனை கட்டு இருந்திருக்காது என்று கத்தினேன். கொடுக்க முடியாமல் போனதற்கு என்னைப் பழி வாங்குகிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

பத்து வருஷம் நான் ஆண்டவருடைய பொருளாக இருந்தேன். தன் பொருளை அவர் பார்த்துக்கொள்வார் என்று அம்மா என்னை ஆற்றிலும் வெயிலிலும் நிம்மதியாக விட்டிருந்தாள். அந்த ஜூன் மாதம் மடத்து முன்னறையில் அந்த நிம்மதியை வைத்துவிட்டுத்தான் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாள். இதெல்லாம் இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம் என் பிள்ளைப் பருவத்துக்குக் காவல் போட்டுவிட்டார்கள் என்பதுதான்.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்தது. வறண்டு கிடந்த வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீரில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குதித்தன. அண்ணனும் குதித்தான். நான் கரையில் நின்று அழுது புரண்டேன். நாற்றங்காலுக்கு வரப்பு அணைத்துக்கொண்டிருந்த அம்மா சேற்றுக் காலோடு வந்தாள். என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சொன்னாள்.

"போ. குளி. நான் இங்கதான் நிப்பேன்."

குதித்தேன். முங்கி எழுந்து பார்த்தால் அம்மா கரையில் அதே இடத்தில் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். மறுபடி முங்கி எழுந்தேன், அப்படியே நின்றாள். வயலில் வேலை கிடந்தது. அப்பா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். பிள்ளைகள் சிரித்தன. "ஒங்கம்மா ஏண்டி ஒன்னயே பாக்குது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போம்மா! மானம் போவுது!" என்று கத்தினேன். அம்மா நகரவில்லை.

தண்ணீருக்குள் நான் மூச்சைப் பிடித்திருந்த நேரமெல்லாம் கரையில் அவளும் மூச்சைப் பிடித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவளை எரிச்சலூட்டி அனுப்பிவிட வேண்டும் என்று நான் வேண்டுமென்றே அடியாழத்துக்கு முங்கி, முடிந்தவரை அங்கேயே கிடந்தேன்.