அப்பாவின் டிசைன்களைச் சுருக்கிய மாலை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பட்டுச்சேலை டிசைன் போட அப்பா வாங்கியது. அதில் விளையாடக் கூடாது. பிளஸ் ஒன் படித்த அண்ணனோ, அப்பா இல்லாத நேரங்களில், இரண்டு சிடி விளையாட்டை ஒரே சிடியில் அடக்கும் இன்ஸ்டாலர் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தான். இடத்தை அடைத்தவை நடுநடுவே வரும் வீடியோக்கள். அவற்றைச் சுருக்கி ஓடவிடுவான். படம் எங்கே சிதைகிறது என்று ஆறாம் வகுப்பு படித்த நான் நோட்டில் பட்டியல் எழுதுவேன். காது மட்டும் அப்பாவின் வண்டிச் சத்தத்துக்காகத் தெருவில் இருக்கும். முகம் சிதைந்தால் தரத்தைக் கூட்டுவான். புகை, மழை என்றால் விட்டுவிடுவான்.

"மூஞ்சி தெளிவா இருந்தா போதும். பொகைய எவன் உத்துப் பாத்துகினு இருக்கப்போறான்?"

ஒரு மாலை, ஒரு வீடியோவைச் சுருக்க விட்டுவிட்டு அவன் டியூஷனுக்குப் போயிருந்தான். பாதியில் டிஸ்கில் இடமில்லை என்று நின்றுவிட்டது. அப்பா வருவதற்குள் முடியாவிட்டால் இருவருக்கும் அடி. பயத்தில் அப்பாவின் டிசைன் படங்களைத் திறந்தேன். ஒவ்வொன்றையும் சிறிய ஜேபெக் படமாகச் சேமித்துவிட்டு, பழையதை அடியோடு அழித்தேன். பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பா ஒரு முந்தானை டிசைனைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். சிவப்பும் பொன்னும் மட்டுமே இருந்த இடத்தில், மாங்காய்களைச் சுற்றிப் பெயரில்லாத நிறங்கள் ஈயாய் மொய்த்திருந்தன. டிசைனின் ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் பார்த்துத்தான், தறிக்கு இழை காட்டும் அட்டையில் மெஷின் ஓட்டை போடும்; இனி எங்கே போடுவதென்று அதற்குத் தெரியாது. அட்டை வாங்க வந்த நெசவாளர் வாசலில் நின்றார். அது கல்யாணச் சேலை. முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

"இத யாரு தொட்டது?"

நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது; என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"நான்தாம்பா. எடம் பத்தல."

"ஒவ்வொரு கட்டமும் ஒரு இழைடா. கண்ணு உட்டுடும். தறி இன்னா பண்ணும்?"

அப்பா அடிக்கவில்லை. அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கட்டம் கட்டமாக அந்த முந்தானையைத் திருத்தவைத்தார். நான்கு நாள் ஆயிற்று. அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் என் பெயர் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே கொண்டுபோனேன். வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு படத்தின் பெயருக்கு நேரேயும் அதைச் சேமித்த நேரம் இருக்கும் என்பது, கம்ப்யூட்டர் படிக்கப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாமே ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில். அண்ணனை ஐந்து மணிக்கு டியூஷனில் இறக்கிவிட்டு, ஏழு மணிக்கு அழைத்து வந்தவர் அப்பாதான். டம்ளரை வாங்கிய பிறகும் அவர் சற்று நேரம் என்னையே பார்த்தது, நானாக ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்ததால் என்று அப்போது எனக்குத் தெரியாது.