பிடி சாய்ந்திருந்தால் லூகர்

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. படத்தில் பழைய ராணுவக் கைத்துப்பாக்கி வந்தால், அது வெடிப்பதற்குள் அதன் பெயரைச் சொல்லிவிட வேண்டும். முதலில் சொல்பவருக்குத் தட்டில் இருக்கும் கடைசி வடை.

மகள் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது நான் போட்ட விதி இது. ஆங் மோ கியோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சோபாவில் என் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு உட்காருவாள். பிடியின் அடியில் வளையம் தொங்கினால் வெப்லி, விசைக்கு முன்னால் பெட்டி போல் இருந்தால் மௌசர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். சுதந்திரப் போராட்டப் படத்தில் வெள்ளைக்கார துரை கையில் நேற்று வந்த பிஸ்டலைக் கொடுத்திருந்தால் இருவரும் சேர்ந்து திட்டுவோம். மனைவி மட்டும் கதையைப் பார்ப்பாள்.

உயர்நிலைப்பள்ளிக்குப் போனதும் மகளுக்குப் போன், தோழிகள், டியூஷன். படம் பார்க்க நேரமில்லை என்றாள். வளர்கிற பிள்ளை, சரி என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் என் மனைவியின் தம்பி திருச்சியிலிருந்து கடல் தாண்டி இங்கே வேலைக்கு வந்தான். குவீன்ஸ்டவுனில் வாடகை அறை. ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் மசால்வடை வாங்கிக்கொண்டு வந்து, தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். வந்த புதிதில் எல்லாத் துப்பாக்கியும் அவனுக்கு ஒன்றுதான். பிறகு என்ன மாயமோ, உறையிலிருந்து பாதி உருவுவதற்குள் “வெப்லி!” என்று கத்த ஆரம்பித்தான். தான் வாங்கி வந்த வடையைத் தானே ஜெயித்துத் தின்றான்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். நேரமே இல்லாத என் மகள், அவன் வந்தால் மட்டும் அறையைவிட்டு வெளியே வந்தாள். பாயில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஐயோ மாமா, ஸோ ஃபாஸ்ட் லா நீங்க!”

எனக்கு வயிறு எரிந்தது. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் ரைஃபிளோடு சேற்றில் புரண்டவன் நான். அவன் ஆயுசில் தொட்டது தீபாவளிக்குக் கேப் வெடிக்கும் பொம்மைத் துப்பாக்கி மட்டும்தான்.

போன ஞாயிறு தொலைக்காட்சியில் ஜப்பானியர் இந்த ஊரை ஆண்ட போர்க்காலத்துக் கதை ஒன்று. ஜப்பானிய அதிகாரி இடுப்பு உறையைத் திறந்தார்.

“லூகர்! பிடி சாய்ஞ்சிருக்கு பாருங்க அத்தான். பிடி சாய்ஞ்சிருந்தா லூகர்” என்றான் மச்சினன்.

இதற்குத்தானே காத்திருந்தேன். “அது நாம்பு, மாப்ளே. ஜப்பான்காரங்களே செஞ்சது” என்று வடைக்குக் கை நீட்டினேன்.

அவன் என் மகளைப் பார்த்தான். “இதை நீ எனக்குச் சொல்லியே தரலையே?”

“எனக்கே அப்பா லூகர் வரைக்கும்தான் சொல்லிக் கொடுத்தாங்க மாமா.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பிடி சாய்ந்திருந்தால் லூகர். அது என் வாக்கியம், எழுத்து மாறாமல். நாம்புவுக்கு நான் வருவதற்குள்தான் அவளுக்கு நேரமில்லாமல் போயிருந்தது.

என் பாடத்தைப் பார்த்தே இத்தனை வாரம் புழுங்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும் எரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. என்னோடு உட்கார இல்லாத நேரம் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் எங்கிருந்து வந்தது?

“நாம்புவை எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?” என்று மகள் கேட்டாள்.

பின்பக்கம் உருண்டையாக ஒரு குமிழ் இருக்கும், லூகருக்கு அது கிடையாது என்றேன். பாயில் இருந்தபடியே கேட்டுக்கொண்டாள். சோபாவில் என் இடப்பக்கம் காலியாகத்தான் இருந்தது.