கழுகுக்கு மாட்டிய கண்ணாடி

என் அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் கழுகு. பத்தொன்பது வயதில் கீழே நின்று பெட்டிகளுக்குச் சங்கிலி மாட்டும் ஆளாகச் சேர்ந்தவர், இருபத்தாறு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறார். பத்து மாடி உயரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, லாரி நீளத்துக்கு இருக்கிற இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, பூனை தன் குட்டியை வைப்பது போலக் கீழே வைப்பார். வாயைத் திறந்தால் பீற்றல்தான். "மேல இருந்து பாத்தா எவன் சட்டைல பட்டன் போயிருக்குன்னுகூடத் தெரியும், மாப்ள!" என்பார். அதில் பாதி புளுகு. மீதிப் பாதி போதாதா?

அந்தக் கழுகுக்கு வெள்ளெழுத்து வந்தது. ஏற்கெனவே கிட்டப்பார்வை உண்டு, அதற்குக் கண்ணாடியும் போட்டிருந்தார். இப்போது அந்தக் கண்ணாடியோடு கிட்டத்தில் இருப்பதைப் படிக்க முடியவில்லை. செல்போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு முழித்தார். "உங்களுக்கு இன்னும் ஒரு முழம் கை வேணும்" என்று அக்கா கேலி செய்தாள்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிறவன். பதினைந்து வருட அனுபவம், அதற்கேற்ற தலைக்கனம். "விடுங்க மாமா, நான் பாத்துக்கிறேன்" என்று மார்தட்டி, ஒரு பைஃபோகல் கண்ணாடி செய்து கொடுத்தேன். மேல் பகுதி தூரத்துக்கு, கீழே பிறை மாதிரி ஒரு துண்டு படிப்பதற்கு. வெள்ளெழுத்து வந்தவர்களில் பாதிப் பேர் போடுகிற கண்ணாடிதான். கடை நாற்காலியிலேயே பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார்.

மூன்றாம் நாள் மாமா இறக்கிய பெட்டி லாரி விளிம்பில் இடித்தது. மறுநாளும் அதே கதை. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. பழைய கண்ணாடியைப் போடலாமென்றால் எடை காட்டும் மீட்டர் தெரியாது. பாதுகாப்பு அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும், தரையில் பெயின்டில் போட்ட கட்டத்துக்குள் ஒரு பெட்டியை வைத்துக் காட்ட வேண்டும். கோட்டைத் தொட்டால் கிரேனிலிருந்து இறங்கி, கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டியதுதான்.

அக்கா கடைக்கே வந்துவிட்டாள். ஆட்கள் இருக்கிறார்களே என்றெல்லாம் பார்க்கவில்லை.

"என் புருஷன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா! அந்த மனுஷன் தூங்கவே மாட்டேங்கறார், தெரியுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பவர் சரி, அளவு சரி, நாலு தரம் பார்த்தாயிற்று. "மாமாவுக்குத்தான் பாக்கத் தெரியல" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ரோஷம் தாங்காமல், வியாழக்கிழமை அனுமதி வாங்கி நானே கிரேனில் ஏறினேன். மேலே போனால் அறைக்குத் தரையே கண்ணாடி! மாமா குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஐயோ, இவருக்குத் தூரமெல்லாம் காலுக்குக் கீழே அல்லவா இருக்கிறது! முப்பது மீட்டர் கீழே நிற்கும் லாரியை, படிப்பதற்கான துண்டு வழியாகப் பார்த்தால் மங்காமல் என்ன செய்யும்? படிக்க வேண்டிய மீட்டரோ அவர் நெற்றிக்கு மேலே தொங்குகிறது. நான் அளவெடுத்ததோ கடை நாற்காலியில், கையில் பேப்பரைக் கொடுத்து. மடையன் நான், வடிகட்டின மடையன்!

"மாமா, கண்டுபுடிச்சிட்டேன்! உங்களுக்கு எல்லாமே தலைகீழ்!"

"என்ன மாப்ள உளர்ற? மேல ஏறுனதுல மண்டை கலங்கிடுச்சா?"

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. கடைக்கு ஓடினேன். புது லென்ஸ் ஜோடியைத் திருப்பி, பிறை மேலே வரும்படி வெட்டினேன். சும்மா திருப்பினால் பிறைகள், படிக்கும்போது கண் திரும்புகிற மூக்குப் பக்கம் ஒதுங்குவதற்குப் பதில் காதுப் பக்கம் ஒதுங்கிவிடும். அதனால் வலது கண் லென்ஸை இடது பக்கமும் இடதை வலது பக்கமும் மாட்டினேன். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவராக இருந்தது என் அதிர்ஷ்டம். முதலாளி எட்டிப் பார்த்து அலறினார்.

"யோவ்! தலைகீழா மாட்டியிருக்கியே, கண்ணு தெரியலையா உனக்கு?"

"இப்பதான் முதலாளி தெரியுது!"

வெள்ளிக்கிழமை துறைமுகமே கூடி நின்றது. மாமா தலைகீழ்க் கண்ணாடியோடு மேலே ஏறினார். கட்டத்துக்குள் பெட்டியைச் சுற்றி ஒரு சாண் இடம்தான் விட்டிருந்தார்கள், பாவிகள். பெட்டி இறங்கியது. காற்றில் லேசாக ஆடியது. ஆள் உயரத்தில் அப்படியே நின்றது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. ஆட்டம் அடங்கும்வரை மாமா காத்திருந்தார். பிறகு சத்தமே இல்லாமல் பெட்டி தரையில் உட்கார்ந்தது.

அதிகாரி நாலு பக்கமும் குனிந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"எங்கயும் படல!"

விசில் காதைப் பிளந்தது. நான் குதித்தேன். அக்கா அழுதாள். சொல்ல எனக்கென்ன வெட்கம், நானும்தான் அழுதேன்.

"இறங்கி வாங்க, எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் அதிகாரி வாக்கிடாக்கியில்.

கரகரப்புக்கு நடுவே மாமாவின் குரல் வந்தது.

"கப்பல் காத்துக்கிட்டு இருக்கு சார். அடுத்த லாரிய உள்ள விடச் சொல்லுங்க."