உப்புப் பார்க்கும் குளோரி

வாளியிலிருந்து கணவாய் மீனின் ஓடு ஒன்றை எடுத்து, தண்ணீரை உதறி, நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறார் குளோரி. கண்ணை மூடி இரண்டு நொடி. "இருக்கு," என்று மறுபடி வாளிக்குள் போடுகிறார். அடுத்ததும் "இருக்கு". ஆறாவது ஓட்டுக்குத்தான் "போச்சு" என்கிறார். அது மட்டும் தகரத்தின் மேல் வெயிலுக்குப் போகிறது. என்ன போச்சு என்று கேட்டேன். "உப்பாக்கும். வேற என்ன?" என்றவர், இவனெல்லாம் பத்திரிகைக்கு எழுதுகிறானாம் என்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

குளச்சல் துறைமுகத்தில் கணவாய் வெட்டுவது அவர் வேலை. கத்தியை ஒரு இழுப்பு, கட்டைவிரலால் ஒரு தள்ளு. முதுகுக்குள்ளிருந்து படகுபோன்ற வெள்ளை ஓடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கணவாயின் மசி நகக்கண்ணை விட்டுப் போவதே இல்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்வரை கையைச் சேலைக்குள்ளேயே வைத்திருப்பாராம். மற்ற பெண்கள் ஓட்டைக் குப்பையில் தள்ளுவார்கள். இவர் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆமை வளர்ப்பவர்களுக்காக. துறைமுகத்தில் 'ஆமைக் குளோரி' என்றால்தான் வழி சொல்கிறார்கள்.

நான் போனதும் ஆமை விஷயமாகத்தான். எனக்கு அல்ல, என் மனைவிக்கு. கருங்கல் ஊரில் மீன்தொட்டி விற்கும் கடையில் ஆசைப்பட்டு ஒன்று வாங்கினாள். காதோரம் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமை. ஒரு வருடத்தில் அதன் ஓடு ஊறிய அப்பளம்போல ஆகிவிட்டது. கடைக்காரர்தான் குளோரியின் போன் நம்பரைத் தந்தார். போனில் ஓடு என்ன விலை என்று கேட்டதற்கு, "முதல்ல ஆளக் கொண்டு வாங்க, பாப்போம்," என்றார். ஆள் என்றது ஆமையை.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஆளோடு பஸ் ஏறிப் போய் நின்றேன். மசி படிந்த கட்டைவிரலால் அதன் முதுகை மெல்ல அழுத்தினார். அழுந்தியது. குளோரியின் முகம் கறுத்துவிட்டது.

"இதுக்கு என்ன தின்னக் குடுக்கியோ?"

"சப்பாத்தி. அப்புறம் காய்ந்த இறால்."

"வெயிலு காட்டினியளா?"

"ஹாலில் டியூப் லைட்டுக்குக் கீழேதான் இருக்கும்."

"நல்ல காரியம். டியூப் லைட்டுல நீங்க வத்தல் காயப் போடுவியளா?"

காசு கொடுத்து வாங்க வந்த இடத்தில் இப்படியா மானத்தை வாங்குவது? ஆனால் அவர் சொன்னதில் எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை. ஓடு கெட்டியாகக் கால்சியம் வேண்டும். தின்ற கால்சியம் உடம்பில் சேர வெயில் வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் குளோரி ஆஸ்பத்திரித் தமிழ் பேசுகிறார். "கால்சியம்" என்ற சொல்லை அத்தனை திருத்தமாக உச்சரிக்கிறார். மகள் ஷிஜி நர்ஸ். குவைத்தில் வேலை.

ஓட்டை அவர் பக்குவப்படுத்துவது பொங்கல் சாமான் விளக்குகிற கணக்குத்தான், அவ்வளவு பொறுமை. பின்பக்கத்துக் கெட்டித் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவார். ஆமையின் வாய்க்கு அது ஏறாது. பிறகு எட்டு நாள் கிணற்றுத் தண்ணீரில் ஊறல், தினமும் தண்ணீர் மாற்றம். எட்டு நாள் ஆனாலும் நாக்கு சம்மதிக்காமல் ஓடு வாளியை விட்டு வெளியே வராது. காய்ந்ததைக் கையகலத்துக்கு ஒடித்துத் தண்ணீரில் மிதக்க விட வேண்டும். ஆமை தனக்கு வேண்டியபோது வந்து கொறித்துக்கொள்ளும். "நாம ஊட்டப்பிடாது. அதுக்குத் தெரியும் எப்பம் வேணும்ன்னு."

பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் டிங்கு என்ற ஆமை, சோற்றுத்தட்டு அகலத்தில் இருக்கிறது. கல்லின் மேல் ஏறிக் கழுத்தை நீட்டி வெயில் காய்கிறது. நான் தட்டிப் பார்த்தேன், தேங்காய்ச் சிரட்டைபோல 'டொக்' என்றது. பக்கத்து வீட்டு ஜாஸ்பின் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆமை பூந்த வீடு விளங்காதுன்னு நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கு," என்றார். குளோரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த வீடு எப்பம் விளங்கிச்சு, இது வந்து கெடுக்க?"

தொட்டிக்கு அப்பால் முருங்கை மரத்தடியில் ஒரு முழுக் கணவாய் ஓடு மண்ணில் செங்குத்தாக ஊன்றியிருந்தது. உரத்துக்கா என்று கேட்டேன். "அது அங்க கெடக்கட்டும்," என்று பேச்சை முறித்துவிட்டார். என்னை அது அரித்துக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் கழித்து எங்கள் ஆளை மறுபடி காட்டப் போனேன். நான் இருக்கும்போதே ஷிஜியின் வீடியோ அழைப்பு வந்தது. "ரெண்டு பேரையும் காட்டு அம்மா," என்றது போன். குளோரி டிங்குவைத் தூக்கி இடது பக்கமாகக் காட்டினார். "இது டிங்கு." கீழே விட்டுக் கொஞ்சம் தண்ணீரைக் கலக்கினார். அதே ஆமையை மறுபடி தூக்கி வலது பக்கமாகக் காட்டினார். "இது மிங்கு." அந்தப் பக்கத்து ஓட்டின் ஓரத்தில் சிறிய வெட்டு ஒன்று உண்டு. அதனால் வேறு ஆமைபோலத்தான் தெரிந்தது. நான் கவனித்ததை அவரும் கவனித்துவிட்டார். அழைப்பு முடிந்ததும் தானாகவே சொன்னார்.

இரண்டு ஆமைகளையும் விட்டு ஷிஜி குவைத்துக்குப் போனபோது அவை உள்ளங்கை அளவுதான். குளோரியின் வீட்டுக்காரர் கிளீட்டஸ் படகில் போகிறவர். பிறந்ததிலிருந்து அவர் பார்த்த ஆமைகள் எல்லாம் கடலில் நீந்தியவை. துறைமுகத் தண்ணீர் அழுக்கு என்று, வெளிக்கடலுக்குப் போகும்போது கேன் கேனாகத் தெளிந்த கடல் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார். தினமும். அத்தனை பாசம்.

"கடலு ஆமைக்கு ஆகாதுன்னு எவன் நெனைப்பான் சார்? நாங்க கடலாலதான் பொழைக்கோம். பதிமூணாம் நாளு மிங்கு கண்ணு வீங்கிச் செத்துப் போச்சு. இவன் துவண்டு கெடந்தான். மாட்டு டாக்டருகிட்ட ஓடுனேன். இது கொளத்து ஆமை, உப்புத் தண்ணி ஆகாது, நல்ல வெள்ளம் வேணும், வெயிலு வேணும்ன்னாரு. ஓடு கொழகொழன்னு கெடக்கு, கால்சியம் இல்லன்னாரு. எதுல கெடைக்கும்ன்னு கேட்டா, கணவா ஓட்டுலயாம். இருவது வருசமா நான் குப்பையில எறிஞ்ச சாதனம்."

மகளிடம் ஏன் சொல்லவில்லை?

"போன புதுசு. அழுதுட்டே இருந்தா. அடுத்த வாரம் சொல்லலாம்ன்னு வச்சேன். அப்படியே ரெண்டு வருசம் ஆச்சு. கிறிஸ்மஸுக்கு வாறா சார். வந்து தொட்டியில எண்ணுவா இல்லியா?"

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி விட்டுவிடலாமே என்று கேட்டுவைத்தேன். என் புத்தி அப்படி. "டிங்குவுக்குத் தெரியாதா?" என்றார் குளோரி.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் ஓடு சுரண்டிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழை விட்டு அன்றுதான் வெயில் வந்திருந்தது. எங்கள் ஆளின் முதுகு விரலுக்கு அழுந்தவில்லை. அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். போன் அடித்தது. டிக்கெட் எடுத்தாயிற்று என்றாள் ஷிஜி. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து எதையோ காட்டினாள்.

"மழைக் காலத்துல வெயிலுக்குப் பதிலா இந்த லைட்டப் போடலாம் அம்மா. ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு வாங்கியிருக்கேன். ஆளக் காட்டு."

குளோரி டிங்குவைத் தூக்கிக் காட்டினார். கீழே விட்டார். தண்ணீரைக் கலக்கினார். மறுபடி தூக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"லைட்டு ஒண்ணு போதும் மக்கா."

"ஏன்?"

"மிங்கு இல்ல. நீ போன பதிமூணாம் நாளே போச்சு. உப்பு வெள்ளத்துல விட்டு நாங்கதான் கொன்னோம்."

நான் பார்வையைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இவ்வளவு நாளும் ஒண்ணையே ரெண்டு வாட்டி காட்டினியா?"

"காட்டினேன்."

"நான் டூட்டி முடிஞ்சு வந்து அதப் பாத்துட்டுத்தான் அம்மா தூங்குவேன்." குரல் உடைந்தது. பிறகு, "எங்க வச்சிருக்கே அத?" என்றாள்.

குளோரி போனை ஏந்திக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார். ஊன்றியிருந்த ஓட்டைக் காட்டினார். இரண்டு வருட மழையில் அதன் முனை மழுங்கி, பாதி பச்சை பிடித்திருந்தது. பிறகு குளோரி குந்தி உட்கார்ந்து, மறு கையால் அந்த ஓட்டைப் பிடுங்கினார். சேலைத் தலைப்பில் மண்ணைத் துடைத்தார். நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடி இரண்டு நொடி.

"போச்சு மக்கா," என்று மகளிடம் சொல்லிவிட்டு, அதை அதே குழியில் திரும்ப ஊன்றினார்.