நெற்றி வரை ஒரு கை

ஆர்தர் கோட்டு மாட்டி முடிப்பதற்குள் நம்மூரில் ஒரு பந்தி எழுந்துவிடும். வட இங்கிலாந்தின் ஒரு சிறிய ஊரில், வீட்டிலிருந்தே வந்து போகிற நரம்பு நோயாளிகளுக்கான பயிற்சிப் பிரிவில் நான் பிசியோதெரபிஸ்ட். ஆர்தர் பஸ் ஓட்டியவர்; பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அந்தக் கையைக் கோட்டுக்குள் நுழைக்க அவர் மல்லாடிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மேற்பார்வையாளர் மார்கரெட்டும் சும்மா நின்றாள். என்ன கல்நெஞ்சு என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கோட்டை மாட்டி, பொத்தானும் போட்டுவிட்டேன். "ரொம்ப நன்றிம்மா" என்றார் ஆர்தர். பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான் தொட்டது பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். என் உச்சரிப்பு விளங்காமல், அறையைக் காலி பண்ணச் சொல்கிறேன் என்று நினைத்து அவரும் மன்னிப்புக் கேட்டார். மார்கரெட்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: கோட்டு மாட்டுவதுதான் அவருக்குச் சிகிச்சை, நீ அதைப் பிடுங்கிக்கொண்டாய். அன்று எனக்கு அது பாதிதான் புரிந்தது. மீதி புரிய நான் திருநெல்வேலிக்குப் போய்வர வேண்டியிருந்தது.

மூன்றாம் ஆண்டு எங்கள் ஆஸ்பத்திரி தர அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தது. வெளியிலிருந்து ஒரு குழு வந்து கோப்புகளைப் புரட்டும், நோயாளிகளிடம் பேசும், திருப்தியானால் சான்று தரும். எல்லாரும் தாளும் கையுமாக அலைந்துகொண்டிருந்தபோது வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தூரத்தில் இருக்கிறவள் பதறுவாள் என்று மறைத்திருக்கிறார்கள். பக்கவாதத்துக்கே வைத்தியம் பார்க்கிற மகளிடம் பக்கவாதத்தை மறைப்பது நம் வீடுகளில் மட்டும்தான் நடக்கும். குழு வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டளையோடு நான்கு வாரம் லீவு கிடைத்தது.

டவுணில் தெற்கு ரத வீதிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் வேட்டியைத் தானே துவைத்துக் கட்டியவர், கட்டிலில் ராஜா மாதிரி படுத்திருந்தார். அம்மா பல் விளக்கிவிட்டாள், குளிப்பாட்டினாள், சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அம்மாவைத்தான் புகழ்ந்தார்கள். வாரம் இரண்டு நாள் ஆட்டோவில் ஆற்றுப் பாலம் தாண்டி, பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே அறை, ஒரு கப்பி, நாலு மணல் மூட்டை. அங்கே இருந்த முருகேசன் என்கிற பிசியோதெரபிஸ்ட் கெட்டிக்காரன். என்னைப் பார்த்ததும் குறையைக் கொட்டிவிட்டான்.

"அக்கா, இங்கன வந்தா அரை மணி நேரம் அப்பா செய்யுதாக. வீட்டுக்குப் போனா மிச்ச நேரம் பூரா அம்மால்லா செய்யுதாக. கை எப்படி வரும்?"

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. எங்கள் பிரிவிலிருந்து தடித்த பிடி வைத்த கரண்டி ஒன்று கொண்டுபோயிருந்தேன். மறுநாள் மத்தியானம் அம்மாவை நகரச் சொல்லிவிட்டு, அப்பாவின் இடது கையில் அதைக் கொடுத்துச் சாப்பிடச் சொன்னேன். எங்கள் பிரிவின் மதிப்பீட்டுத் தாளில் 'தானாகச் சாப்பிடுகிறார்' என்று ஒரு கட்டம் உண்டு. எந்தக் கையால் என்று அது கேட்பதில்லை. அப்பா கேட்டார்.

"இதாலயா?" என்று இடது கையைப் பார்த்தார். வாய் கொஞ்சம் குழறினாலும் கோபம் குழறவில்லை. "பட்டினி கிடந்து சாவேனே தவிர, பீச்சாங்கையால திங்க மாட்டேன். எடுத்துட்டுப் போ அங்கிட்டு."

அன்று இரவு வரை சாப்பிடவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கிப்போனேன். சீமைக்குப் போய்ப் படித்த படிப்பு அப்பாவைப் பட்டினி போட்டதுதான் மிச்சம்.

மறுநாள் காலை, குளித்து உட்கார்ந்த அப்பாவின் நெற்றியில் அம்மா திருநீறு பூசிவிட்டாள். மூன்று விரலால் நீட்டாக மூன்று கோடு. ஊட்டும்போது வாயைத் திறந்தவர், குளிப்பாட்டும்போது பேசாமல் இருந்தவர், அந்த நேரம் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பிரிவில் யார் வந்தாலும் முதல் கேள்வி, 'நீங்களாகவே எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?' என்பதுதான். முன்பின் தெரியாத நூறு பேரிடம் கேட்ட கேள்வியை நான் என் அப்பாவிடம் கேட்கவில்லை. பெற்ற தகப்பனிடம் போய் அப்படிக் கேட்கிற வழக்கம் நமக்கு ஏது?

கேட்டேன். "துன்னூறு நானே பூசணும். இந்தக் கையால" என்று வலது கையைக் கண்ணால் காட்டினார்.

மூன்று வாரம் மிச்சம் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, முழங்கைக்குக் கீழே தலையணை வைத்து, திருநீறு வைக்கும் மரக்கிண்ணமான மரவையை முன்னால் வைத்தேன். கை மடங்கியது, விரல் விரிவதுதான் பெரும்பாடு. ஒருநாள் நீறு மார்பில் கொட்டியது, ஒருநாள் வாய்க்குள் போனது. அப்பா இருமினார், திட்டினார், மறுபடியும் கையை மரவைக்குக் கொண்டுபோனார். முருகேசன் மணல் மூட்டையை ஓரமாகப் போட்டுவிட்டு, அவனும் ஒரு மரவை வாங்கி வைத்துக்கொண்டான். அப்பாவை விட அம்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நெற்றிக்கு வராமல் கை பாதியில் நடுங்கும்போதெல்லாம் பாய்ந்து வந்து பிடித்துவிடுவாள்.

"விடும்மா. அவுக கை அது."

"நாப்பது வருசமா எல்லாம் எடுத்துக் கொடுத்தவ, இப்போ பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கணும்னா நான் எதுக்குட்டி?" என்று கேட்டு அழுதாள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, அவர் பூசி முடிக்கும் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். சிந்தாமல் நிற்பதுதான் அவளுக்கு வைத்த பயிற்சி. நான் புறப்பட்ட அன்று அப்பாவின் கை மூக்கு வரை வந்திருந்தது. லீவை நீட்டிக் கேட்டுப் பார்த்தேன். குழு வருகிறது, முடியாது என்றார்கள். ரயில் கிளம்பியபோது, இன்னும் நாலு விரல்கடைதானே என்று அழுதேன்.

குழு வந்தது. என் கோப்புகளைப் பாராட்டினார்கள். எங்கள் பிரிவுக்குச் சான்று கிடைத்த அன்று கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, இந்தியாவிலிருந்து எனக்குப் போன் என்றார்கள். வேலை பார்க்கிற இடத்துக்கு ஊரிலிருந்து போன் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போய்ப் போனை எடுத்தேன்.

"ஏட்டி, பதறாத" என்று அம்மா எஸ்.டி.டி. பூத்திலிருந்து கத்தினாள். "அப்பா பூசிட்டாக! கோணல்மாணலா, புருவமெல்லாம் நீறு."

"நீ சரிபண்ணி விட்டியாம்மா?"

"நான் தொடவே இல்லட்டி. அப்படியே சன்னதித் தெரு வரைக்கும் கம்பை ஊன வச்சு நடத்திக் கூட்டிட்டுப் போனேன். நாலு பேரு பாக்கட்டும்."

போனை வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதேன். கேக்கைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மார்கரெட் என்னைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் ஆன்மா சாந்தியடையட்டும் என்றாள். இல்லை, அப்பா தன் கையால் நெற்றியைத் தொட்டுவிட்டார் என்று விளக்கினேன். அவள் யோசித்துவிட்டு, "அப்படியானால் இனி தானாக முகம் கழுவிக்கொள்வார்" என்று சந்தோஷப்பட்டாள். ஆமாம் என்றேன். அதைவிடக் கிட்டே அவளைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு வழி தெரியவில்லை.

பாத்ரூமில் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு நடுக்கமும் இல்லாத என் வலது கை தானாக எழுந்து நெற்றிக்குப் போனது. யார் என்ன கேட்பார்களோ என்று நீறு பூசுவதை நானே விட்டிருந்தேன். மூன்று வருடமாக அங்கே ஒன்றும் இல்லை.